புல்வெட்டி இன்ஜினில் த்ராட்டில் சிக்கினால்: அறிகுறியைப் பிடித்துப் பழுது தேடும் முறை

பைக்கில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் கேபிள் நேரே கார்புரேட்டரைத் திறக்கும். அதே கணக்கை மனதில் வைத்துக்கொண்டு புல்வெட்டி இன்ஜினில் கை வைப்பவர்கள்தான் நன்றாக இருக்கும் பாகத்தைக் கழற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள். இங்கே கைப்பிடி லீவருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் உட்கார்ந்திருக்கிறது. லீவரை வேகம் பக்கம் தள்ளினால் கேபிள் ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கிறது. அதன் வேலை அத்தோடு சரி. அந்த ஸ்பிரிங் பட்டர்ஃபிளையை, அதாவது கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டை, திறக்கப் பார்க்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற கவர்னர் அதை மூடப் பார்க்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் வேகம் நிலைக்கும். அடர்ந்த புல்லில் பிளேடு திணறி வேகம் இறங்கினால் கவர்னரின் தள்ளு தளர்ந்து ஸ்பிரிங் ஜெயிக்கும், பட்டர்ஃபிளை திறக்கும், இன்ஜின் உறுமி மீளும்.

அதனால் "த்ராட்டில் சிக்கிவிட்டது" என்ற ஒரே புகாருக்கு நாலு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது: லீவரும் கேபிளும், கவர்னர் ஸ்பிரிங்கும் இணைப்புக் கம்பிகளும், கார்புரேட்டரில் பட்டர்ஃபிளை தண்டு, கடைசியாகக் கவர்னரே. வெளியிலிருந்து உள்ளே போவதுதான் முறை. எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள்.

கவர்னரில் இரண்டு வகை உண்டு. காற்றுக் கவர்னர் என்றால் ஃப்ளைவீல் மூடிக்குள் பிளாஸ்டிக் அல்லது தகரத்தால் ஆன ஒரு இதழ் இருக்கும். ஃப்ளைவீல் விசிறியின் காற்று அதைத் தள்ளும். மெக்கானிக்கல் கவர்னர் என்றால் இன்ஜினுக்குள், ஆயில் இருக்கும் அறையில், கேம் கியரோடு சுற்றும் எடைகள் இருக்கும். அவற்றின் அசைவு ஒரு தண்டு வழியாக வெளியே வந்து கை போன்ற ஒரு நீண்ட தகட்டை ஆட்டும்; அதுதான் கவர்னர் கை. வெளியே தண்டில் நட் போட்டுப் பிடித்த கை தெரிந்தால் மெக்கானிக்கல். கார்புரேட்டரிலிருந்து போகும் மெல்லிய கம்பி ஃப்ளைவீல் மூடிக்குள் நுழைந்து மறைந்தால் காற்று வகை. மின்மோட்டார் வைத்து பட்டர்ஃபிளையை அசைக்கும் எலக்ட்ரானிக் கவர்னர் உள்ள இன்ஜின்களுக்கு இந்த முறை பொருந்தாது.

கை வைக்கும் முன்

இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். பிளக் கேப்பைக் கழற்றி, தானாகத் திரும்பிப் பிளக்கில் படாதபடி தள்ளி வையுங்கள். பேட்டரி ஸ்டார்ட் இருந்தால் சாவியையும் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேப் இருந்தால் மூடுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே சூடான இன்ஜின் ஒரு முறை வெடித்துச் சுற்றக்கூடும். பிளக் கேப்பைக் கழற்றாமல் அடியில் கை நுழைக்கவே கூடாது.

அடிப்பக்கம் பார்க்க வண்டியைச் சாய்ப்பதென்றால் கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேலே வரும்படி சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கும்; பெட்ரோலும் கசியும்.

கம்பி, ஸ்பிரிங் எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் போனில் மூன்று நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் கையில் நாலைந்து ஓட்டைகள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தப் பக்கத்திலிருந்து கொக்கி போட்டிருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துபோகும்.

அறிகுறி: இன்ஜின் நின்றிருக்கும்போது பட்டர்ஃபிளை முழுதாகத் திறந்தே கிடக்கிறது

இது பழுதே இல்லை. இன்ஜின் ஓடாதபோது கவர்னருக்குத் தள்ளச் சக்தி கிடையாது; ஸ்பிரிங் மட்டும் இழுக்கிறது; ஆகவே லீவர் வேகம் பக்கம் இருந்தால் பட்டர்ஃபிளை திறந்துதான் இருக்க வேண்டும். மூடிக் கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். லீவரை வேகம் பக்கம் வையுங்கள். கார்புரேட்டரின் மேல், பட்டர்ஃபிளை தண்டின் நுனியில் தெரியும் சிறு த்ராட்டில் கையை விரலால் மூடும் பக்கம் தள்ளி விட்டுவிடுங்கள். 'டக்' என்று தானே திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் தண்டிலோ கம்பியிலோ அடைப்பு. பாதியில் நின்றால் அந்த இடத்தில்தான் சிக்கல். திரும்பவே இல்லையென்றால் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது, அல்லது தண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படும் தகடு சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு. த்ராட்டில் தகடு அதற்கும் உள்ளே, இன்ஜின் பக்கம் இருக்கிறது. சோக்கைப் பிடித்து ஆட்டிவிட்டு "நல்லாத்தான் அசையுது" என்று ஃபில்டரை மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அறிகுறி: கைப்பிடி லீவரே அசையவில்லை, அல்லது மிகக் கனமாக இருக்கிறது

இன்ஜின் பக்கத்தில் கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் ஸ்குருவைத் தளர்த்துங்கள். உள்கம்பியின் நுனி இசட் போல மடிந்து கட்டுப்பாட்டுத் தகட்டின் ஓட்டையில் மாட்டியிருக்கும். உறை விடுபட்டதும் கம்பியைச் சாய்த்தால் மடிப்பு தானே வெளியே வந்துவிடும். குறட்டால் நிமிர்த்த வேண்டாம். ஒரு முறை நிமிர்த்தி மறுபடி மடித்த இடத்தில் அந்தக் கம்பி சீக்கிரமே முறியும்.

இப்போது இரண்டையும் தனித்தனியாக அசைத்துப் பாருங்கள். லீவர் இன்னும் கனமாக இருந்தால் குற்றம் கேபிளிலோ லீவரிலோ. லீவர் வழுக்கிக்கொண்டு போய், இன்ஜின் பக்கத் தகடு கனத்தால் குற்றம் அந்தப் பக்கம். இந்த ஒரு கழற்றலில் வேலையின் பாதி முடிந்துவிடுகிறது.

கேபிள் என்றால் மூன்று இடம் பாருங்கள். முதலாவது, கைப்பிடியை மடக்கும் மூட்டு. மடக்கி மடக்கி வைக்கும் வண்டிகளில் உறை அந்த இடத்தில் நசுங்கி வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தட்டும். அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை, கேபிளை மாற்ற வேண்டும். இரண்டாவது, கிளாம்ப் பிடித்த இடம். ஸ்குருவை அளவுக்கு மீறி முறுக்கினால் உறை சப்பையாகி உள்கம்பியைக் கவ்விக்கொள்ளும். மூன்றாவது, சைலன்சருக்கு அருகே போகும் பகுதி. பிளாஸ்டிக் உறை உருகி உள்ளே ஒட்டியிருக்கும்.

வெறும் துருவும் தூசியுமாக இருந்தால் கேபிளைக் காப்பாற்றலாம். மேல் நுனியில் ஒரு சிறு பாலிதீன் துண்டைப் புனல் போலச் சுற்றி ரப்பர் பேண்டால் இறுக்கி, மெல்லிய மெஷின் ஆயில் பத்துப் பதினைந்து சொட்டு விட்டு, நுனி மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஓர் இரவு போதும். நடுநடுவே உள்கம்பியை முன்னும் பின்னும் இழுத்துக் கொடுத்தால் கறுப்பாகத் துருச்சேறு கீழ் நுனியில் வழியும். தெளிந்த ஆயில் வரும்வரை விடுங்கள். துரு விடுவிக்கும் ஸ்பிரே மட்டும் அடித்தால் அன்றைக்குச் சரியாகிவிடும், சில வாரத்தில் காய்ந்து பழையபடி இறுகும். உள்ளே நைலான் குழாய் போட்ட கேபிளுக்கு கிரீஸ் வேண்டாம், சிலிக்கான் ஸ்பிரே போதும்.

புதுக் கேபிள் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உறையின் நீளம், உள்கம்பி வெளியே நீட்டும் நீளம், இரண்டு நுனிகளின் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். பழையது போன வழியிலேயே, கூர்மையான வளைவு இல்லாமல் போடுங்கள்.

அறிகுறி: லீவர் லேசாக அசைகிறது, ஆனால் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை

பெரும்பாலும் உறை கிளாம்பிலிருந்து நழுவியிருக்கும். லீவரை ஒருவர் தள்ளும்போது இன்ஜின் பக்கம் பாருங்கள். உள்கம்பி நகராமல் உறை மொத்தமும் முன்னும் பின்னும் நெளிந்தால் அதுதான். கிளாம்ப் உறைக்கு மேல் பிடிக்க வேண்டும். உள்கம்பி மேல் பிடித்திருந்தால் எதுவும் அசையாது.

பொருத்தும் வரிசை இது: கைப்பிடி லீவரை வேகம் குறியில் வையுங்கள். இன்ஜின் பக்கத் தகட்டை அதே திசையில், சோக் அசையத் தொடங்குவதற்குச் சற்று முன் வரை கொண்டுபோங்கள். சில இன்ஜின்களில் தகட்டிலும் அதன் தாங்கியிலும் ஒவ்வோர் ஓட்டை இருக்கும். இரண்டும் நேராகும் இடம் முழு வேகம் என்று பொருள், அதற்குள் ஒரு ஆணியைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம். உறையின் தொய்வை இழுத்து, கிளாம்பை இறுக்குங்கள். ஆணியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சரிபாருங்கள்: லீவரைச் சோக் குறிக்குத் தள்ளினால் சோக் தகடு முழுதாக மூட வேண்டும், நிறுத்து குறிக்கு இழுத்தால் தகட்டின் நாக்கு நிறுத்தும் சுவிட்சைத் தொட வேண்டும். ஒன்று சரியாக இருந்து மற்றொன்று இல்லையென்றால் கிளாம்பை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள்.

கேபிள் சரியாக நகர்ந்தும் வேகம் மாறவில்லை என்றால் தகட்டுக்கும் கவர்னர் கைக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங்கைத் தேடுங்கள். ஒரு நுனி கழன்று காற்றில் தொங்கும். இல்லையென்றால் காணவே காணாது. அது எங்கோ புல்லில் கிடக்கும்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆனதுமே முழு வேகத்தில் அலறுகிறது, குறைக்க முடியவில்லை

இந்தப் பட்டியலில் ஆபத்தானது இதுதான். உடனே நிறுத்துங்கள். "சூடானால் சரியாகும்" என்று ஓட விடக்கூடாது. கவர்னர் கட்டுப்பாடு இல்லாத இன்ஜினில் கனெக்டிங் ராடு உடைந்து இன்ஜின் பாடியைப் பொத்துக்கொண்டு வெளியே வரலாம், பிளேடு பிய்த்துக்கொண்டு பறக்கலாம்.

பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு முதலில் மேலே சொன்ன விரல் சோதனை. த்ராட்டில் கையை மூடும் பக்கம் தள்ள முடிகிறதா?

தள்ளவே முடியவில்லை, அல்லது மரத்தைத் தள்ளுவது போல இறுக்கமாக வருகிறது என்றால் தண்டு கார்புரேட்டருக்குள் ஒட்டியிருக்கிறது. பழைய பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன பிசின் உள்ளே. புல்லின் சாறும் தூசியும் வெளியே. தண்டு கார்புரேட்டரின் மேலிருந்து நுழையும் இடத்தில் ஒரு சிறு ஃபெல்ட் அல்லது ஃபோம் வளையம் இருக்கும். நன்றாக இருந்தால் மெத்தென்று அழுங்கும். கெட்டதை ஸ்குரு டிரைவர் நுனியால் தொட்டால் காய்ந்த வெல்லப்பாகு போலக் கறும்பச்சையாக உதிரும். பல நேரம் மொத்தச் சிக்கலும் அந்த வளையத்தின் அளவுதான்.

சுத்தம் செய்ய, கார்புரேட்டர் கிளீனரை மெல்லிய குழாய் நுனியால் தண்டின் மேல் முனையிலும், ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே தகட்டின் இரண்டு ஓரங்களிலும் அடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, கையால் முப்பது நாற்பது முறை திறந்து மூடுங்கள். மறுபடி அடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், திரவம் எதிர்த்துத் தெறிக்கும், கண்ணை எரிக்கும். சூடான சைலன்சர் பக்கத்தில் அடிக்கவே கூடாது. பெயின்ட், ரப்பர், சில பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அது தின்னும்; வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

பிறகு தண்டுக்கு ஆயில் விடத் தோன்றும். விடாதீர்கள். அந்த ஈரத்தில் புல்தூசி படிந்து அடுத்த மாதம் இன்னும் மோசமாக ஒட்டும். தண்டு உலர்ந்தே ஓட வேண்டும். மனம் கேட்கவில்லை என்றால் கிராஃபைட் தூள் கொஞ்சம்.

த்ராட்டில் கையை லேசாகத் தள்ள முடிகிறது, விட்டால் திரும்புகிறது, ஆனாலும் ஓடும்போது அலறுகிறது என்றால் கார்புரேட்டர் நிரபராதி. கவர்னர் மூடச் சொல்லவில்லை, அல்லது சொன்னது வந்து சேரவில்லை. கவர்னர் கையிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் கம்பி கழன்றிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, பக்கத்துத் தகரத்தில் உரசுகிறதா பாருங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்தினால் அதன் நீளம் மாறிவிடும், அளவும் மாறும். புதியது போடுவதே சரி.

காற்றுக் கவர்னர் என்றால் ஃப்ளைவீல் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே காய்ந்த புல் அமுங்கிக் கிடக்கும். சில மாதம் சும்மா நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. இதழ் தன் அச்சில் தாராளமாக ஆட வேண்டும். வெப்பத்தில் கோணியிருந்தாலோ, ஓரம் உடைந்திருந்தாலோ காற்று அதைப் போதிய அளவு தள்ளாது, மாற்றுங்கள். சிலிண்டரின் குளிர்விக்கும் இடுக்குகளில் அடைந்த புல்லையும் அதே கையோடு எடுத்துவிடுங்கள். மூடி இல்லாமல் இந்த வகை இன்ஜினை ஓட்டிப் பார்க்கக்கூடாது: மூடி இல்லையென்றால் காற்று இதழுக்குப் போகாது, இன்ஜின் கட்டுமீறும்.

மெக்கானிக்கல் கவர்னர் என்றால் கவர்னர் கை அதன் தண்டில் வழுக்கியிருப்பது முதல் சந்தேகம். இணைப்புக் கம்பியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, தண்டைக் குறட்டால் மென்மையாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு குறுகிய வளைவுக்குள் ஆடி இரு பக்கமும் முட்ட வேண்டும். முட்டாமல் முழுச் சுற்றும் சுற்றினால் உள்ளே கவர்னர் கப்போ எடையோ உடைந்திருக்கிறது. இன்ஜினைப் பிரித்து ஆயில் அறையைத் திறக்காமல் வேறு வழி இல்லை. அப்போது ஆயில் அளவையும் பாருங்கள். கவர்னரைச் சுற்றும் பிளாஸ்டிக் கியருக்கு ஆயில் தெறித்து வந்தால்தான் உயிர்.

தண்டு முட்டுகிறது என்றால் கவர்னரை மறுபடி நிலைப்படுத்த வேண்டும்:

1. இணைப்புக் கம்பியையும் ஸ்பிரிங்கையும் முன்பிருந்த ஓட்டைகளிலேயே மாட்டுங்கள்.
2. கவர்னர் கையின் கிளாம்ப் நட்டை, கை தண்டின் மேல் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம்.
3. பட்டர்ஃபிளை முழுதாகத் திறக்கும்படி கவர்னர் கையைத் தள்ளிப் பிடியுங்கள். எந்தத் திசையில் தள்ளினீர்கள் என்று கவனியுங்கள்.
4. அதே திசையில் கவர்னர் தண்டைத் திருப்புங்கள், தானாக முட்டி நிற்கும் வரை. அதற்கு மேல் பலம் கொடுத்தால் உள்ளே உடையும்.
5. இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது தண்டு கூடச் சுற்றிவிட்டால் முதலிலிருந்து செய்யுங்கள்.

நாலாம் படியில் திசையை மாற்றிவிட்டால் கவர்னர் மூடவே மூடாது. முதல் ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் அலறும். ஆகவே இந்த வேலைக்குப் பிறகு முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நிறுத்தும் சுவிட்சில் விரல் இருக்கட்டும்.

இன்னும் தெளிவாகவில்லை என்றால் கடைசிச் சோதனை ஒன்று உண்டு, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிடியின் பாதுகாப்புக் கம்பியை, அதாவது விட்டதும் இன்ஜினை நிறுத்தும் கம்பியை, பிடித்திருக்க (கட்டி வைக்கக்கூடாது), இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மற்றவர் பக்கவாட்டில் நின்று நீண்ட மரக்குச்சியால் த்ராட்டில் கையை மூடும் பக்கம் தள்ளட்டும். வேகம் சட்டென்று இறங்கினால் கவர்னர் பக்கம் குற்றம். இறங்கவில்லை என்றால் பட்டர்ஃபிளை தகடு தண்டில் தளர்ந்திருக்கிறது, அல்லது கேஸ்கெட் (பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தாள்) வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சில வினாடிக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம்.

அறிகுறி: மெதுவாகவே ஓடுகிறது, புல் அடர்ந்தால் இறந்துபோகிறது

முந்தையதன் தலைகீழ். நல்ல இன்ஜினில் அடர்ந்த புல்லுக்குள் நுழையும்போது சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, உடனே கனத்த உறுமலாக மாறும். கவர்னர் பட்டர்ஃபிளையைத் திறந்ததன் சத்தம் அது. அந்த உறுமல் இல்லாமல் நேராகத் தாழ்ந்து நின்றுவிட்டால் பட்டர்ஃபிளை திறக்கவில்லை.

தண்டு மூடிய நிலையில் ஒட்டியிருக்கலாம், ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருக்கலாம், கேபிள் முழு வேகம் வரை போகாமல் இருக்கலாம். ஸ்பிரிங்கின் சுருள்களைப் பாருங்கள்: கழற்றி வைத்த நிலையில் சுருள்கள் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டிய ஸ்பிரிங்கில் நடுவே இடைவெளி தெரிந்தால் அது இழுபட்டுப்போனது. "கையில் கிடைத்த ஸ்பிரிங்" போடும் இடமல்ல இது. ஒரே மாடல் இன்ஜினை ஜெனரேட்டருக்கும் பொருத்துவார்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அங்கே 3600 சுற்று வேண்டும் என்பதால் ஸ்பிரிங் வேறு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். பாக எண் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது

ஊங்... ஊங்... என்று ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். த்ராட்டில் கையும் அதோடு சேர்ந்து ஆடும். பார்ப்பவருக்குக் கவர்னர் பைத்தியம் பிடித்தது போலத் தெரியும், ஆனால் அதன் மேல் குற்றம் இருப்பது குறைவு. பெட்ரோல் போதாமல் இன்ஜின் தளர்கிறது, கவர்னர் திறக்கிறது, வேகம் ஏறுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி தளர்கிறது.

ஓடும்போதே சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஆட்டம் நின்று சீராக ஓடினால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி: ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைப்பு, தண்ணீர் கலந்த அல்லது மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல், இல்லாவிட்டால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்றுக் கசிவு. கசிவைத் தேட, கேஸ்கெட் ஓரத்திலும் தண்டின் முனையிலும் சிறு பாட்டிலால் தண்ணீரைப் பனியாகத் தெளியுங்கள். வேகம் மாறும் இடம்தான் ஓட்டை. பெட்ரோலோ கிளீனரோ தெளித்துத் தேடும் பழக்கம் சூடான இன்ஜினில் தீயை வரவழைக்கும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஓட்டை தேய்ந்த கார்புரேட்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆட்டம் நிற்காது.

பாதிச் சோக்கிலும் ஆடினால் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அந்தக் கம்பியைச் சுற்றி தலைமுடி போன்ற மெல்லிய ஸ்பிரிங் ஒன்று ஓடும். அதற்கு வேகத்தோடு சம்பந்தமில்லை. கம்பிக்கும் ஓட்டைக்கும் உள்ள தொளதொளப்பை இழுத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது அதைத் தொலைத்துவிட்டு, தேவையில்லாத பாகம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகு த்ராட்டில் சிக்குகிறது

அப்படியானால் மாட்டியதில் பிழை. பட்டர்ஃபிளை தகட்டைக் கழற்றியிருந்தால் அதில்தான் முதலில் பாருங்கள். தகட்டின் ஓரங்கள் சரிவாகச் சீவியிருக்கும்; திருப்பிப் போட்டால் மூடும்போது சுவரில் கவ்விக்கொள்ளும். கழற்றும் முன்பே ஆணியால் ஒரு சிறு கோடு போட்டுவைப்பது நல்லது. மறுபடி போடும்போது ஸ்குருவைத் தளர்வாக விட்டு, தகட்டை இரண்டு மூன்று முறை சட்டென்று மூடுங்கள். அது தானே நடுவுக்கு வரும். பிறகு இறுக்குங்கள், ஸ்குருவில் ஒரு சொட்டு திரெட்லாக் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) வையுங்கள். அந்த ஸ்குரு கழன்றால் போகும் இடம் வால்வும் பிஸ்டனும்தான்.

அடுத்தது, கார்புரேட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால், அல்லது பலம் போட்டு முறுக்கினால் கார்புரேட்டரின் உடல் நெளியும். பிளாஸ்டிக் உடல் இன்னும் சுலபமாக நெளியும். போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் தண்டு விடுபட்டால் காரணம் அதுவே. கேஸ்கெட், கறுப்பு இடைத்துண்டு, மறுபடி கேஸ்கெட் என்ற வரிசை மாறினாலும் தகடு இடைத்துண்டில் இடிக்கும். கழற்றும்போது கம்பியை வளைத்து எடுக்காதீர்கள். போல்ட்டுகளை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரையே திருப்பினால் கம்பி தானாக நழுவி வரும்.

அறிகுறி: லீவரை நிறுத்து குறிக்கு இழுத்தும் நிற்கவில்லை, அல்லது லீவர் தானே நகர்கிறது

நிற்காதது பெரும்பாலும் கேபிள் பொருத்தத்தில் உள்ள தவறு. நாக்கு சுவிட்சைத் தொடவில்லை. சுவிட்சின் வேலை இக்னிஷன் காயிலை எர்த் செய்வதுதான், ஆகவே அதன் வயர் அறுந்தாலும் கழன்றாலும் இதே அறிகுறி. அப்போதைக்கு நிறுத்த, பாதுகாப்புக் கம்பி இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் சோக்கை முழுதாக மூடுங்கள், இன்ஜின் திணறி நிற்கும். பெட்ரோல் டேப்பை மூடினாலும் நிற்கும், ஆனால் கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ளது தீர வேண்டும், நிமிடக்கணக்காகும். ஓடும் இன்ஜினில் பிளக் கேப்பைக் கையால் பிடுங்கக்கூடாது. ஆயிரக்கணக்கான வோல்ட் கையில் இறங்கும்.

லீவர் அதிர்ச்சியில் தானே இறங்குவது உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் சகஜம். லீவரின் அச்சு நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். அடியில் உள்ள அலை வாஷர் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள்.

வேலை முடிந்து வேகம் பார்ப்பது

காதால் வேகம் அளக்க முடியாது. பிளக் வயரில் சுற்றும் சிறு டாக்கோமீட்டர் (நிமிடச் சுற்று எண்ணும் மீட்டர்) போதும், ஆனால் அதன் அமைப்பைச் சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று வையுங்கள். ஃப்ளைவீல் காந்தத்தால் ஸ்பார்க் தரும் இந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்கள் நாலு ஸ்ட்ரோக்காக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் விடும். இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று வைத்தால் மீட்டர் இரட்டிப்பாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

ஐந்து நிமிடம் சூடேற்றி, லீவரை முழு வேகத்தில் வைத்து, புல் இல்லாத இடத்தில் படியுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேடு சொல்லும். தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் அது பெரும்பாலும் 3000 சுற்றை ஒட்டி இருக்கும். மேல் வரம்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் கணக்கு இது: பிளேடு நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் பயணிக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. 21 அங்குலப் பிளேடின் நுனி ஒரு சுற்றில் போகும் தூரம் சுமார் 5.5 அடி. வகுத்தால் ஏறத்தாழ 3450 சுற்று. அது எல்லைக்கோடு, ஓட்டும் அளவு அதற்குக் கீழே. பிளேடின் நீளம் கூடினால் எல்லை இன்னும் இறங்கும்.

கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் நாக்கை லேசாக வளைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள ஸ்குருவைத் திருப்ப வேண்டும். ஸ்பிரிங் இறுகினால் வேகம் கூடும், தளர்ந்தால் குறையும். கார்புரேட்டரின் ஐடில் ஸ்குருவால் மேல் வேகத்தை மாற்ற முயல வேண்டாம். அது பட்டர்ஃபிளை எவ்வளவு மூடலாம் என்பதை மட்டும் தடுக்கிறது. அதை அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தால் லீவரை வேகத்தைக் குறிக்கும் முயல் படத்திலிருந்து மெதுவைக் குறிக்கும் ஆமை படத்துக்கு இழுத்தும் வேகம் இறங்காது, அதையும் "சிக்கிவிட்டது" என்றுதான் சொல்வார்கள்.

புதுக் கேபிள் போட்டிருந்தால் உறையும் கிளாம்பும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். இரண்டு மூன்று முறை புல் வெட்டிய பிறகு அந்தக் கோடு விலகியிருந்தால் உறை நழுவுகிறது. கிளாம்பை மறுபடி பொருத்துங்கள்.